ஏழாம் எண் ரத்த ஓட்டம்

என் வலது கண் கெட்டுப்போன செய்தி எனக்குத் தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே செல்வத்துக்குத் தெரிந்துவிட்டது. அது கண் என்று அவனுக்குத் தெரியாது. மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

செல்வம் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், பொறுமைசாலி. நான் அங்கே அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கிறவன். அதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நகைச்சுவைக் கட்டுரையும் எழுதுகிறவன். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில் ஒரு வசதி உண்டு: என் கட்டுரையைக் கடைசிவரை படித்த ஒருவராவது உலகத்தில் இருக்கிறார். மெட்ராஸ் என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துச் சென்னை என்று போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஐம்பத்தாறு வயது.

ஒருநாள் புரூஃபில் வரிகள் நடுவில் தொய்ந்திருந்தன, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி. ஓரத்தில் சிவப்பு மசியில் 'வரி வளைகிறது' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாளும் வளைந்தது. அடுத்த வாரமும். மூன்றாவது வாரம் நேரிலேயே போய் நின்றேன்.

"சார், நேராத்தான் கீது சார்."

"எங்கேய்யா நேரா இருக்கு? நடுவுல பார், பள்ளம்."

செல்வம் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்து வரிக்குக் கீழே வைத்தான். நான் குனிந்து பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

"முதல்ல இந்த ஸ்கேலை மாத்து" என்றேன்.

அவன் ஸ்கேலை எடுக்கவில்லை. "சார், கோச்சிக்காத. ஒரு ஒரு கண்ணா மூடிப் பாரு."

வலது கண்ணை மூடினேன். ஸ்கேல் ஸ்கேலாக இருந்தது. இடது கண்ணை மூடினேன். ஸ்கேல் பாம்பாகிவிட்டது. அதற்கு மேலே இருந்த தலைப்பில் நடு எழுத்துக்கள் இரண்டைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கசங்கிக் கிடந்தது.

"இன்னா சார்?"

"நேராத்தான் கீது" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுடைய தமிழைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கமலாவிடம் சொன்னேன். கமலா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அழுகிற குழந்தைகள் அவளுக்குத் தினசரி விவகாரம் என்பதால் எதற்கும் பதற மாட்டாள்.

"ஏன்னா, மூணு வாரமா அந்தப் பிள்ளையைத் திட்டிண்டிருந்தேளே, ஒரு நாளாவது கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் பார்த்தேளா?"

"துடைச்சேன்டி. கண்ணாடி சுத்தம். கண்தான்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தவர் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்தை நர்ஸ் மூன்று தடவை ஊற்றி, ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த கண் வியாதிகள் அத்தனையும் வந்து போயின. வந்தது எனக்குத் தெரியாத வியாதி.

டாக்டர் ஒரு விளக்கை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். கண்ணின் பின்சுவரில் கேமராவுக்குள் இருக்கும் ஃபிலிம் மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதன் நட்டநடுவில் ஒரு சின்னப் புள்ளி, பெயர் மாகுலா. படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தப் புள்ளியின் உத்தியோகம். அதற்கு அடியில் ரத்தக்குழாய்கள் ஒரு மெத்தை மாதிரி இருந்து சாப்பாடு போடுகின்றன. வயதாக ஆக அந்தப் புள்ளி நைந்துபோகிறது. சிலருக்கு வெறுமனே காய்ந்து நையும். சிலருக்கு மெத்தையிலிருந்து கன்னாபின்னாவென்று புதுக் குழாய்கள் முளைத்து, கசிந்து, படலத்தைத் தூக்கிவிடும். எனக்கு இரண்டாவது.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. சுவருக்குள் குழாய் கசிந்தால் மேலே அடித்த சுண்ணாம்பு எப்படி உப்பிக்கொண்டு வரும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வயசானா வர்ற வியாதி சார் இது. உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கு."

"மத்த எல்லாமே எனக்கு லேட்டாத்தான் வந்தது டாக்டர். இது ஒண்ணாவது முந்திண்டு வரட்டும்."

டாக்டர் சிரிக்கவில்லை. கமலா என் முழங்கையைக் கிள்ளினாள்.

கசிவு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றார் டாக்டர். நடுப்புள்ளிக்குத் தள்ளி இருந்தால் லேசரால் சுட்டு அடைத்துவிடலாம். சுட்ட இடத்தில் பார்வை போகும், நடு பிழைக்கும். நடுப்புள்ளிக்கு அடியிலேயே இருந்தால், சுட்டால் நடுவே போய்விடும். அதை அறிய ரத்தம் கண்ணுக்குள் எப்படி ஓடுகிறது என்று படம் எடுக்க வேண்டும்.

படம் எடுக்கும் விதம் இது. கையில் ஒரு நரம்பைத் தேடிப்பிடித்து மஞ்சள் சாயம் ஒன்றை ஏற்றுகிறார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தி, கண்ணைக் கொட்டாதே என்கிறார்கள். பத்துப் பதினைந்து விநாடியில் சாயம் இதயம் வழியாகக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. தபால் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் மாமனார் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். வந்த கணத்திலிருந்து நீல வெளிச்சம் பளீர் பளீரென்று அடிக்கிறது, படத்துக்கு ஒரு அடி. நடுவில் வயிற்றைப் புரட்டியது. "மூச்சை இழுத்து விடுங்க, போயிடும்" என்றாள் படமெடுத்த பெண். போய்விட்டது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கைகள் மஞ்சளாகியிருந்தன. எதிர் பெஞ்சில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கழுத்தில் சிலுவை, காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அவர் முகமும் மஞ்சள்.

"இன்னா ஐயரே" என்றார் அவர், பல நாள் பழகியவர் போல. "ரெண்டு பேரும் மஞ்சத்தண்ணி ஊத்துன ஆடு கணக்கா குந்திக்கினு கீறோம்."

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். பெயர் லூர்து மேரி. அவருக்கும் ஒரு கண் போய், இன்னொன்றைக் காப்பாற்ற வந்திருந்தார். "மீனு கண்ணப் பாத்துதான் நல்லதா கெட்டதான்னு சொல்லுவேன். இப்ப மீனு என் கண்ணப் பாத்து சொல்லுது" என்றார். பக்கத்தில் கமலா இருபத்தொரு வருஷமாக என் கட்டுரை எதற்கும் சிரிக்காத சிரிப்பை அதற்குச் சிரித்தாள்.

இன்னொரு விஷயம். அன்று முழுக்கச் சிறுநீர் ஆரஞ்சுச் சாறு நிறத்தில் போகும். முன்பே சொல்லிவிடுவார்கள். சொன்னது நினைவிருந்தும் நான் அலறினேன். சாயம் ஏற்றிக்கொள்ளப் போகிற வாசகர்களுக்காக இதைப் பதிவு செய்கிறேன்.

ஃபிலிம் கழுவி இரண்டு நாளில் முடிவு வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்ணின் ரத்தக்குழாய்கள் இலையுதிர்ந்த மரம் மாதிரி அழகாகவே இருந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு கறை. நட்டநடுவில்.

"மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா?" என்று கமலா கேட்டாள்.

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "அப்படிக் கணக்குப் பார்க்க முடியாதும்மா" என்றார். அந்த 'ம்மா'வில் பதில் இருந்தது.

ஆக, வலது கண்ணால் இனிப் படிக்க முடியாது. முழுக் குருடாகாது, பக்கப் பார்வை இருக்கும். வலது கண்ணால் கமலாவைப் பார்த்தால் புடவை, காது, தோடு எல்லாம் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள். மிச்சம் இருப்பது இடது கண். அதிலும் மாகுலாவில் மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் படிவுகள் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் கசியலாம், கசியாமலும் போகலாம் என்றார் டாக்டர். படிப்பதைத் தவிர வேறு தொழிலோ வேறு கெட்ட பழக்கமோ இல்லாத எனக்கு, அந்தக் கண் எனது மொத்த ஆஸ்தி.

கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும். கமலா அதைப் பீரோ கதவில் ஒட்டினாள். தினமும் பள்ளிக்குப் புறப்படும் முன்பு கேட்பாள்: "நேரா இருக்கா?" நான் "நேரா இருக்கு" என்பேன். அவள் போவாள்.

அந்த டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இந்த வியாதி வந்தவர்களின் கண்ணில் ரத்த ஓட்டம் குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, கசிவு வருவதற்கு முன்பே அது ஏதாவது சேதி சொல்லுமா என்று அளந்து பார்ப்பது. "உங்க இடது கண்ணை அளக்கலாமா? உங்களுக்கு இதனால இப்ப வைத்தியம் எதுவும் மாறாது. ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை நான் உங்க கண்ணைப் பார்த்துட்டிருப்பேன்" என்றார். கடைசி வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

அளப்பதற்கு இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று தி.நகரில் ஒரு ஸ்கேன் மையத்தில். மூடிய இமையின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி, வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் கருவி போன்ற ஒன்றை வைத்து அழுத்தாமல் அழுத்துவார்கள். கண்ணுக்குப் பின்னால் ஓடும் ரத்தத்தின் வேகம் திரையில் அலையாக வரும், சத்தமும் கேட்கும். ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்த எங்களுக்கு, அந்த இருட்டறையில் 'விஷ்க், விஷ்க்' என்று யாரோ வாசல் பெருக்குவது போல் ஒரு சத்தம். "இதுவா?" என்றாள் கமலா. "இவ்வளவு சுறுசுறுப்பா உங்ககிட்ட ஏதாவது நடக்கறதே, ஆச்சரியமா இருக்கு."

இரண்டாவது வழி ஆஸ்பத்திரியிலேயே, செவ்வாய்க்கிழமைகளில். ஒரு குழாய் வழியாக ஆழ்ந்த நீல வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் துள்ளி ஓடும். அவை வெளியே இல்லை. நம் கண்ணுக்குள், நடுப்புள்ளியைச் சுற்றியிருக்கும் மயிரிழைக் குழாய்களில் ஓடும் நம்முடைய வெள்ளணுக்கள். தன் ரத்தம் ஓடுவதைத் தானே பார்க்கிற வாய்ப்பு மனிதனுக்கு, கத்தி கித்தி இல்லாமல், இங்கே மட்டும்தான். பிறகு பக்கத்தில் ஒரு திரையில் கம்ப்யூட்டர் அதே மாதிரிப் பொட்டுகளை ஓடவிடும். ஒரு திருகைத் திருப்பி, நாம் கண்ணில் பார்த்த வேகமும் திரையின் வேகமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்கு ஓர் எண் உண்டு, மெஷினை இயக்கும் பெண் அதைக் குறித்துக்கொள்வாள். மூன்று தடவை செய்ய வேண்டும். அவ்வளவுதான். உலகத்திலேயே எளிமையான சோதனை. அதில்தான் நாங்கள் காப்பியடித்தோம்.

செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள், லூர்து மேரியையும் சேர்த்து, ஆறு பேர். அதில் ஒருவர் அடையாறிலிருந்து வரும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்தவர், அவர் பள்ளியில் யாரும் பரீட்சையில் தவறியதில்லை என்று அவரே சொன்னார். நான் முதல்முறை போனபோது எங்களையெல்லாம் பெஞ்சில் அருகருகே உட்காரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், கவனிச்சீங்களா? அந்த மெஷின் பொண்ணு போன தடவை எல்லாருக்கும் 'குட்' சொல்லிச்சு. எனக்கு ஏழு வந்ததும் மட்டும் 'வெரி குட்'னு சொல்லிச்சு."

"அதனால?"

"அதனாலயா! ஏழுதான் சார் ஆன்சர்."

யாரோ ஒருவர், தனக்கு மூன்று வந்ததாகவும் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்றும் சொன்னார். ஹெட்மாஸ்டர் அவர் தோளில் தட்டினார்.

"கவலையே படாதீங்க. திருகை இடது பக்கம் கடைசிவரைக்கும் கொண்டுபோயிடுங்க. அங்கேருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் 'டக்'குனு ஒரு சத்தம். ஏழு டக் எண்ணி நிறுத்துங்க. கண்ணை உபயோகிக்கவே வேணாம்."

"ஐய, இது இன்னா கூத்து" என்றார் லூர்து மேரி. "எனக்கு உள்ள பாத்தா சும்மா நெத்திலி துள்றாப்பல கீது. அது இன்னா வேகத்துல துள்ளுதோ அதத்தான் நா சொல்லுவேன்."

"உங்களுக்குப் புரியாதும்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் படித்தவன். எனக்குப் புரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்து நீல வெளிச்சத்தைப் பார்த்தேன். பொட்டுகள் வந்தன, அழகாக ஓடின. ஆனால் வலது பக்கம் மேல்மூலையில் ஓரிடத்தில் அவை வரவில்லை. அந்த இடத்துக்கு வந்தவை அணைந்துபோயின. அதை நான் பார்த்தேன், இங்கே பூசிமெழுக விரும்பவில்லை, தெளிவாகவே பார்த்தேன். அப்புறம் திருகை இடது பக்கம் கடைசிவரை கொண்டுபோய் ஏழு டக் எண்ணினேன். மூன்று தடவையும்.

"வெரி குட்" என்றாள் மெஷின் பெண்.

ஐம்பத்தாறு வயதில், இரண்டு மொழியில் மூட்டை மூட்டையாகப் படித்த ஒருவன், தன் கண்ணைப் பரிசோதிக்கிறவரையே எதற்காக ஏமாற்ற வேண்டும்? பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் மூன்று வயதிலிருந்து யாராவது எதற்காவது மார்க் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எண் என்று ஒன்று வந்துவிட்டால் அது கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாஸ் செய்துவிட்டால் வியாதி வராது என்று எனக்குள் யாரோ நம்பினார்கள். அதோடு, அணைந்துபோகிற அந்த மூலையைப் பற்றி வாயைத் திறந்தால் அது உண்மையாகிவிடும்.

அந்தப் பதினைந்து நாளும் பீரோ கதவில் இருந்த அட்டையில் மேல்மூலைக் கட்டம் ஒன்று லேசாக வளைந்து சிணுங்கியது. "நேரா இருக்கா?" "நேரா இருக்கு." அட்டையை அச்சடித்தவனைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஆறு பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். கையில் ஒரு காகிதம்.

"உங்க எல்லாரையும் பாராட்டணும்" என்றார். "செவ்வாய்க்கிழமை பேஷண்ட்ஸ்ல அஞ்சு பேருக்கு ஏழு. மூணு மூணு தடவை, எல்லாம் ஏழு. இருபது வயசுப் பசங்களுக்குக்கூட இப்படி வரல. ஆனா தி.நகர் ஸ்கேன்ல எல்லாருக்கும் வயசுக்கேத்த ஓட்டம்தான் காட்டுது." என்னைப் பார்த்தார். "உங்க இதயம்கூட இவ்வளவு ஒழுங்கா அடிக்காது சார்."

ஹெட்மாஸ்டர் சுவரில் இருந்த கண் படத்தை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேரியம்மாவுக்கு மட்டும் நாலு, அஞ்சு, நாலு."

"எனக்கு கீறதத்தானே டாக்டரம்மா சொல்ல முடியும்" என்றார் லூர்து மேரி.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம், எங்களுக்குப் பழக்கம். காகிதத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "இதுல பாஸ், ஃபெயில் கிடையாது. எனக்கு நல்ல நம்பர் வேணாம், உங்க நம்பர் வேணும். இன்னிக்கு மறுபடி பண்ணலாமா?" என்றார். நாங்கள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் போல வரிசையாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

நான் கடைசி ஆள். முறை வரும்வரை கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தேன். லூர்து மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஐயரே, மூஞ்சி பேஜாரா கீது? மாட்டிக்கினதுக்கா?"

எதற்கு அவரிடம் சொன்னேன் என்று தெரியாது. கமலாவிடம் சொல்லாததைச் சொன்னேன். "மேரியம்மா, உங்களுக்கு அந்த நெத்திலி எல்லா இடத்துலயும் வருதா?"

"வருதே. நட்ட நடுவுல ஒரு துளியூண்டு எடத்துல இருக்காது. அது எல்லாருக்கும் அப்டித்தானாம், டாக்டரம்மா சொல்லிச்சு."

"எனக்கு ஒரு மூலைல வரலை."

"சொன்னியா?"

நான் கைக்குட்டையை நாலாக மடிக்க ஆரம்பித்தேன்.

"அடப்பாவி மனுசா!" பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். "படிச்சவன்தான நீ? அது உன் கண்ணா, டாக்டரம்மா கண்ணா? யாருக்குப் பொய்யி சொல்லிக்கினு கீற? எழுந்து போ உள்ள."

"என் முறை இன்னும் வரலை..."

"ஹெட்மாஸ்டரு குந்தட்டும், நீ போ."

ஹெட்மாஸ்டர் மறுக்கவில்லை. எழுந்து வழிவிட்டார்.

நான் டாக்டரிடம் நேராகப் போய் மூலையைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், ஏழைச் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். சாயம் ஏற்றும் அறைக்குப் போன் செய்தார். நீல வெளிச்சம் அன்றைக்கு இல்லை. மறுபடி சொட்டுமருந்து, மறுபடி நரம்பு, மறுபடி நெற்றிப்பட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கமலாவை வரவழைத்தார்கள். அவள் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "தினமும் நேரா இருக்குன்னு சொன்னேளே" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதைவிட நரம்பில் ஊசி சுலபமாக இருந்தது.

இந்த முறை ஃபிலிமுக்கு இரண்டு நாள் காத்திருக்கவில்லை. அன்று மாலையே கழுவிப் பார்த்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். அதே இலையுதிர்ந்த மரம். கமலா என் கையைப் பிடித்திருந்தாள், விரல் வலித்தது.

"இங்கே" என்றார் டாக்டர், பேனா முனையால். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. "கசிவு. ஆனா நடுவுலேருந்து நல்லா தள்ளி இருக்கு. இன்னும் பெரிசாகல."

"அப்படீன்னா?" என்றாள் கமலா.

"அப்படீன்னா நாளைக்குக் காலைல சுட்டுடலாம்."

கமலா அழுதது அப்போதுதான். மஞ்சள் முகத்தோடு நான் அவளுக்கு ஆறுதல் சொன்ன காட்சி பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்கும்.

லேசர் என்றால் ஏதோ சினிமாவில் வருவது போல் இருக்கும் என்று நினைத்தேன். கண்ணை மரக்கச் செய்து, மேலே ஒரு தடித்த கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டி, மோவாயை மறுபடி ஒரு தாங்கியில் வைத்து, அசையக் கூடாது என்றார்கள். அசைந்தால் நடுப்புள்ளி. டாக்டர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், நான் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. பச்சை நிறத்தில் பளீர் பளீரென்று வெளிச்சம். ஒவ்வொன்றுக்கும் இடையில் டாக்டர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை. கால் மணிக்குள் முடிந்தது. வெளியே வரும்போது உலகம் முழுக்க ஊதாவாக இருந்தது. ஊதா நிறத்தில் கமலா நன்றாகத்தான் இருந்தாள்.

பல வாரம் கழித்து மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் கசிவு அடைந்ததா என்று தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டும். டாக்டர் படிக்கலாம் என்றார். கமலா கூடாது என்றாள். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. தினமும் மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எனக்கு வாசித்துக்காட்ட ஆரம்பித்தாள். வாடகை நூலகத்தில் எடுத்த, அட்டையும் முதல் பக்கமும் போன ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல். பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு கிழவரின் கதை. மொழிபெயர்ப்பு கரடுமுரடு, கமலா வாய்க்கு வந்ததும் வழுவழுவென்று ஆகிவிடும். பாதிக் கதையில் கிழவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மாப்பிள்ளை தங்கமான பையன். பேரப்பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தாலும், கேட்கும் இடத்தில் இருப்பவன் குறை சொல்லக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் படம் எடுத்தார்கள். வெள்ளைப் புள்ளி இருந்த இடம் கருத்து, காய்ந்திருந்தது. "அடைஞ்சிருச்சு" என்றார் டாக்டர். மறுபடி வரலாம், வராமலும் போகலாம், அட்டையை விடாதீர்கள், கட்டம் சிணுங்கினால் ஓடிவாருங்கள் என்றார். நீல வெளிச்சத்திலும் உட்காரவைத்தார். மேல்மூலையில் சுட்ட இடம் இருட்டு. மிச்ச இடமெல்லாம் பொட்டுகள் ஓடின, அவசரமில்லாமல். பார்த்த வேகத்தையே திருகினேன். ஐந்து, நாலு, ஐந்து.

"குட்" என்றாள் மெஷின் பெண். இதற்கு மேல் யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை.

மறுநாள் மாலை கமலா வருவதற்கு முன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நாவலை எடுத்தேன். அவள் வைத்திருந்த அடையாளத்துக்குப் பல பக்கங்கள் முன்னால் பிரித்தேன். பொடி எழுத்து. இடது கண்ணால் படித்தேன். ஓரத்தில் சுட்ட இடம் ஒரு கறை போல வந்து போனது, வரி நேராக நின்றது. ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டேன். அப்புறம்தான் படித்தது என்ன என்று கவனித்தேன்.

கிழவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. கண் போயிருந்தது. கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்று விரலிலிருந்து நழுவி விழ, தரையில் தவழ்ந்து தேடி, கிடைக்காமல், கடையைப் பூட்டுகிறார். அந்த அத்தியாயம் பன்னிரண்டு பக்கம். அதற்குப் பின்னும் புரட்டிப் பார்த்தேன். மகள் என்று ஒருத்தி கதையிலேயே இல்லை. மாப்பிள்ளை தங்கமானவன் என்ற இடத்திலாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கதவு திறந்தது. கமலா செருப்பைக் கழற்றினாள், பையை வைத்தாள், என் மடியைப் பார்த்தாள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தாள். அப்புறம் என்னை.

"படிச்சேளா?"

"எங்கே! எழுத்து ரொம்பப் பொடி" என்றேன். "நீயே படி. மக ஆத்துல பேரனுக்குப் பிறந்த நாள், அதோட நிறுத்தினே."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கினாள். நிறையப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மறுநாள் காலையில் மாப்பிள்ளை அவருக்குச் சூடாகக் காபி கொண்டுவந்து கொடுத்தான்" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை. முழுப் பக்கத்துக்கும் ஒரு படம், பனி பெய்கிற தெரு. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது.